தகரச் சுவருக்குள் ஒரு தங்க ஊர்

பில்கிரிம்ஸ் ரெஸ்ட் ராயல் ஹோட்டலில் அறைக் கதவைத் திறந்ததும் ஆயா நேராகச் சுவரிடம் போய் விரலை மடக்கித் தட்டினார். அப்புறம் வராந்தாவுக்கு வந்து அதே சுவரின் மறுபக்கத்தைத் தட்டினார். உள்ளே டொக் டொக் என்றது, வெளியே டங் டங் என்றது. “உள்ள பலகை, வெளிய தகரம். எங்க வீடேதான் தம்பி” என்றார்.

ஆயா எனக்குச் சொந்தம் இல்லை. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் அம்மா. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறவர். மகனைப் பார்க்க வந்திருந்தார். கோவிடுக்கு முந்தைய ஆண்டு இரண்டு குடும்பமும் சேர்ந்து பிளைட் நதிப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பினோம். போகிற வழியில் இந்த ஊரில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று அண்ணன் சொன்னார். பள்ளத்தாக்கு அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு திரும்பிய பிறகும் என் மனசை விட்டுப் போகாதது இந்தத் தகர ஊர். ஒரு பழைய சுரங்க ஊரின் ஹோட்டல் அறையில், டர்பனை ஒட்டிய கேட்டோ மேனரில் முன்பு வாழ்ந்த தமிழச்சி ஒருவர் தன் வீட்டை எப்படிக் கண்டுகொண்டார் என்பதை விளக்க வேண்டுமானால் தங்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊர் இருப்பது ம்புமலாங்கா மாகாணத்தில். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிழக்கே நெடுந்தூரம் போய், லைடன்பர்க் தாண்டி, ராபர்ஸ் பாஸ் என்ற மலைப்பாதையில் ஏறி இறங்கினால் கீழே ஒற்றைத் தெரு தெரியும். மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு துண்டாக நீண்டு கிடக்கிற தெரு. அந்த மலைப்பாதைக்குக் கொள்ளையர் பெயர் வந்ததற்குக் காரணம், தங்கமும் சம்பளப் பணமும் ஏற்றிப் போன குதிரை வண்டிகளை 1899-லும் 1912-லும் அங்கே வழிமறித்துப் பறித்ததுதான்.

1873-இல் அலெக் பாட்டர்சன் என்ற ஆள் பக்கத்து மலையில் மக் மக் என்ற இடத்தில் தங்கம் தேடிக்கொண்டிருந்தார். தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டு, போகிற இடமெல்லாம் தள்ளிக்கொண்டே போவாராம். தள்ளுவண்டி பாட்டர்சன் என்றே பெயர். மக் மக்கில் கூட்டம் பெருகியது பிடிக்காமல் மலையைத் தாண்டி இந்தப் பள்ளத்துக்கு வந்தார். ஓடையில் கை வைத்தார், தங்கம் இருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பின்னாலேயே வந்த வில்லியம் டிராஃபோர்ட் என்பவர்தான் அதைப் போய்ப் பதிவு செய்தார். 1873 செப்டம்பர் 22 அன்று அரசு இதைத் தங்க வயல் என்று அறிவித்தது. அந்த வருஷ முடிவுக்குள் ஏறக்குறைய 1,500 பேர், 4,000 உரிமைத் துண்டுகளில் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கிடைத்தது வண்டல் தங்கம். மலைக்குள் பாறையில் கோடு கோடாக இருக்கும் தங்கம், பாறை சிதையச் சிதைய உதிர்ந்து, மழையில் அடித்துவரப்பட்டு, ஓடையின் வளைவுகளிலும் கல் இடுக்குகளிலும் தங்கிவிடும். தங்கம் தண்ணீரைப்போல 19 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்கைச் சற்றுத் தாண்டும். அதனால் ஒரு தட்டில் மண்ணை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் மணல் விளிம்பு தாண்டிப் போய்விடும், தங்கம் அடியில் நின்றுவிடும். நம் ஊரில் நகைப் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி அரித்து உயிர் வாழ்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையசைவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊரை ஒட்டிய ஓடைக்கரை அருங்காட்சியகத்தில் ஒருவர் எங்களுக்குச் செய்து காட்டினார். தட்டைச் சாய்த்து, ஒரு சுழற்று, ஒரு குலுக்கு, மேல் தண்ணீரை வழிய விடுவது. கடைசியில் கரிய மணலுக்கு நடுவே மஞ்சளாக ஒரு தூசி. ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. இந்தத் தூசிக்காகத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த மலையேறி வந்தார்கள்.

அதே 1873-இல்தான் கோலாரில் தங்கம் தோண்ட அனுமதி கேட்டு மைசூர் அரசுக்கு லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் மனு போட்டார். கோலார் தங்க வயலைத் தோண்டிய தமிழர்களின் கதை நமக்கு ஓரளவு தெரியும். துரைமார் பங்களா ஒரு பக்கம், கூலி லைன் ஒரு பக்கம். இங்கேயும் அந்தப் படம் அப்படியே இருக்கிறது, லைனில் இருந்தவர்கள் மட்டும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். சுரங்க மேலாளருக்காக 1915, 16-இல் கட்டிய ஆலன்கிளேட் என்ற மாளிகை பின்னால் மேசை நாற்காலியோடு அருங்காட்சியகமானது. பாறைக்குள் இறங்கியவர்களின் குடியிருப்புகளுக்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

ஓடைத் தங்கம் சில வருஷத்தில் வற்றிவிட்டது. தட்டும் மண்வெட்டியும் வைத்திருந்தவர்கள் 1880-களில் பார்பர்ட்டனுக்கும், 1886-க்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க் பக்கமும் நகர்ந்தார்கள். மிச்சமிருந்தது பாறைத் தங்கம். அதைக் குடைந்து, இடித்து, பொடியாக்கி, ரசாயனத்தில் கரைத்து எடுக்கப் பெரிய முதல் வேண்டும். அப்படித்தான் 1895-இல் சிறு சுரங்கங்கள் பல ஒன்று சேர்ந்து டிரான்ஸ்வால் கோல்ட் மைனிங் எஸ்டேட்ஸ் என்ற ஒரே கம்பெனியாயின. 1970-களின் தொடக்கம் வரை இந்த ஊர் அந்தக் கம்பெனியின் ஊர். இயந்திரங்களை ஓட்ட 1911-இல் பிளைட் நதியில் பெல்வடேர் நீர்மின் நிலையத்தையும் கம்பெனியே கட்டியது.

சரி, தகரத்துக்கு வருவோம். தெருவின் இரு பக்கமும் மரச்சட்டமும் அலைத்தகரமும்தான் அதிகம். கல்லும் காரையும் இங்கே அருமை. ராயல் ஹோட்டலும் அப்படியே. காரணம் எளிமையானது. தங்கம் இருக்கும்வரைதான் ஊர். எத்தனை நாள் இருப்போம் என்று தெரியாத இடத்தில் யார் செங்கல் சூளை போடுவார்கள்? தகரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். துறைமுகத்திலிருந்து மாட்டுவண்டி. மொசாம்பிக் கரையிலிருந்து வரும் வழியில் தாழ்நிலக் காட்டில் செட்சி ஈ கடித்து மாடுகள் சாகும். அவ்வளவு பாடுபட்டு வருகிற பொருள், அடுக்கினால் சிறிதாகவும் தூக்கினால் லேசாகவும் இருக்க வேண்டும், ஊரைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகவும் முடிய வேண்டும். தகரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

தகரத்துக்கு அந்த அலை எதற்கு என்று என் மகள் கேட்டாள். ஒரு தாளை அப்படியே நுனியில் பிடித்தால் தொங்கிவிடும். விசிறிபோல மடித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். அதேதான். அலை போட்ட மெல்லிய தகடு, தன் கனத்தைத் தானே தாங்கி இரண்டு சட்டத்துக்கு நடுவே நிற்கும். மேலே துத்தநாகப் பூச்சு. மழையும் காற்றும் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும், அது தீரும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை. தீர்ந்த பிறகு செந்துரு பிடித்து ஓட்டை விழும். அதனால் சாயம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்பக்கம் ஒன்றோடொன்று கவ்வுகிற மாதிரி பலகை அடித்திருப்பார்கள். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற காற்றுதான் வெயிலையும் குளிரையும் கொஞ்சமாவது தடுக்கிறது.

ஹோட்டலில் பித்தளைக் கட்டில், மரத் தரை, கால் வைத்த பெரிய குளியல் தொட்டி எல்லாம் பழைய பாணியில் வைத்திருக்கிறார்கள். அறைகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இல்லை. பக்கத்துப் பழைய வீடுகளும் ஹோட்டலின் அறைகளாகிவிட்டன. சாப்பிட வேண்டுமானால் தெருவைக் கடந்து வர வேண்டியவர்களும் உண்டு. ஹோட்டலின் மதுக்கூடத்துக்குச் சர்ச் பார் என்று பெயர். வேறோர் ஊரில் சிற்றாலயமாக இருந்த கட்டடத்தைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்து இங்கே மதுக்கூடமாக்கினார்கள். ஒரு கட்டடத்தைப் பிரித்து, மலையேற்றி, மறுபடி பூட்டலாம் என்றால் அது எப்படிப்பட்ட கட்டடம் என்று புரியும். இந்த ஊரில் ஹோட்டல் என்பது படுத்து எழுகிற இடம் மட்டுமல்ல. சேதி, கடன், கூட்டாளி, சண்டை எல்லாம் கிடைத்த இடம் அது. வீடு என்று ஒன்று இல்லாத ஆண்கள் நிறைந்த ஊரில் அந்த மதுக்கூடம்தான் திண்ணை.

அப்புறம் பவுன். இந்த ஊர்த் தங்கத்தில் 1874-இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட டிரான்ஸ்வால் நாட்டின் ஜனாதிபதி பர்கர்ஸின் உருவம் போட்டு 837 பொற்காசுகள் இங்கிலாந்தில் அச்சடிக்கப்பட்டன. 1902-இல், டச்சு வழி வெள்ளையரான போயர்கள் பிரிட்டனோடு நடத்திய போரின் கடைசி மாதங்களில், தலைநகர் பிரிட்டோரியா கைவிட்டுப் போன பிறகு, அவர்கள் இந்த ஊரிலேயே சுரங்கப் பட்டறைச் சாமான்களை வைத்து நாணயச்சாலை ஒன்றை நடத்தினார்கள். 986 காசுகள் அடித்தார்கள். வெல்ட் பாண்ட், அதாவது காட்டுப் பவுண்ட் என்று அதற்குப் பெயர். நாம் நகைக்கடையில் நின்று “எத்தனை பவுன்” என்று கேட்கிறோமே, அந்தப் பவுனும் இந்தப் பாண்டும் ஒரே சொல். இங்கிலாந்துத் தங்கக் காசின் எடை எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு; அதுவே நமக்கு எட்டு கிராம் பவுனாகிவிட்டது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய பாட்டி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி விற்றுச் சேர்த்த பவுண்டுகளை ஆசாரியிடம் கொடுத்து உருக்கிச் செய்தது என்று குடும்பத்தில் சொல்வார்களாம்.

அந்தப் பாட்டி இந்த ஊருக்கு வந்திருக்க முடியுமா? முடியாது. மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் சேர்ந்தது 1860 நவம்பர் 16. தங்கம் இருந்த டிரான்ஸ்வால் அப்போது வேறு நாடு. 1885-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம் ஆசியர்களுக்கு அங்கே குடியுரிமையும் கிடையாது, ஒதுக்கிய தெருக்களுக்கு வெளியே நிலமும் கிடையாது என்றது. 1908-இல் வந்த தங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. தங்க வயல் என்று அறிவித்த நிலத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் குடியிருக்கக் கூடாது. பஜார், லொக்கேஷன் என்ற ஒதுக்குக் குடியிருப்பு, சுரங்கத் தொழிலாளர் தங்கும் காம்பவுண்ட் மட்டும் விலக்கு. டர்பன் இருக்கிற நேட்டாலிலிருந்து மாகாண எல்லை தாண்டவே இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக நடந்து ஃபோல்க்ஸ்ரஸ்ட்டில் எல்லையைத் தாண்டியதே ஒரு குற்றம் செய்து சிறை போவதற்காகத்தான். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாளில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயசு பதினாறு. அனுமதிச் சீட்டு வழக்கம் 1970-களின் நடுப்பகுதி வரை இருந்தது. அதாவது பில்கிரிம்ஸ் ரெஸ்ட் சுரங்கம் மூடிய பிறகும்.

ஹோட்டல் கதவு இன்னும் நெடுங்காலம் மூடியிருந்தது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-இன் தனித்தனி வசதிகள் சட்டம் 1990 வரை அமலில் இருந்தது. பெரிய நகரங்களில் சில ஹோட்டல்களுக்கு மட்டும் 1970-களில் விலக்குக் கிடைத்தது. மற்ற இடங்களில் இந்தியக் குடும்பம் பயணம் போனால் பானையோடு போகும். இங்கே எல்லோரும் வழிச்சாப்பாட்டை பாட்கோஸ் என்பார்கள், ஆஃப்ரிகான்ஸ் சொல். எங்கள் பாட்கோஸ் என்றால் துணியில் கட்டிய பிரியாணிப் பானை, மைசூர்ப் பருப்பு போட்ட டர்பன் பிரியாணி, மாங்காய் ஊறுகாய், பிளாஸ்கில் டீ. மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுவது இன்று எல்லோருக்கும் இனிய நினைவு. ஆனால் அது ஆசைப்பட்டுச் செய்தது மட்டுமல்ல என்று ஆயா சொன்னார். “காசு இருந்திச்சி தம்பி, கதவுதான் இல்ல.” ஆயாவும் அன்று பானை கொண்டுவந்திருந்தார். ஹோட்டலில் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்தும்.

கேட்டோ மேனர் டர்பன் நகரத்தை ஒட்டிய குன்றுகள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கே நிலத்தைக் குத்தகைக்கோ விலைக்கோ பிடித்து, வாழையும் கீரையும் மிளகாயும் போட்டு, விடிவதற்கு முன் சந்தைக்குச் சுமந்தார்கள். கட்டிய வீடு மரமும் தகரமும். இந்நாட்டு ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து வுட் அண்ட் அயர்ன் என்று ஒரே பெயராகச் சொல்வார்கள். உள்ளே பலகை, வெளியே தகரம், முன்னால் வராந்தா, வாசலில் செங்கொடி கட்டிய மூங்கில். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களான தமிழர்கள் நிறைந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலும் தகரம்தான். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1960-களில் குடும்பங்களை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள். கோயில்களில் மட்டும் கை வைக்கவில்லை. அதனால் புல் மண்டிய குன்றுகளில் வீடே இல்லாத கோயில்கள் நின்றன. பங்குனிக்கும் தைப்பூசத்துக்கும் ஜனங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்துப் பழைய கோயிலுக்கு வந்து காவடி எடுத்தார்கள்.

இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே மாதிரித் தகடு, ஒரே மாதிரிச் சட்டம், ஒரே மாதிரி ஆணி. கேட்டோ மேனரின் தகரத்துக்குச் சேரி என்று பெயர் வைத்து இடித்த அதே ஆட்சிக் காலத்தில் பில்கிரிம்ஸ் ரெஸ்டின் தகரத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தார்கள். சுரங்கம் மூடியதும் மாகாண அரசு ஊரையே விலைக்கு வாங்கியது. 1986-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். காப்பாற்றியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காப்பாற்றியிருக்காவிட்டால் ஆயா தட்டிப் பார்க்க ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் இந்த ஊரின் வரலாற்றைச் சொல்லுகிற பலகைகளில் தோண்டிய வெள்ளையர் பெயர்கள் நிறைய இருக்கின்றன. அடியில் வேலை செய்த ஆப்பிரிக்கர்கள் கொஞ்சம்தான் இருக்கிறார்கள். உள்ளே விடாத சட்டங்களைப் பற்றி நான் பார்த்த பலகைகளில் ஒரு வரிகூட இல்லை. பாரம்பரிய ஊர் என்றால் அந்த வரியும் வேண்டும். நுழைவாயிலில், கண்ணில் படுகிற உயரத்தில்.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். தகர ஊரைப் பாதுகாப்பது கல் கோட்டையைப் பாதுகாப்பது மாதிரி இல்லை. வருஷா வருஷம் சாயம், ஆணி, மரச்சட்டம், கறையான் மருந்து. ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் துரு முந்திக்கொள்ளும். நாங்கள் போனபோதே சில வீடுகளில் தகரத்தின் கீழ் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. ஊரின் பழைய தாது ஆலை 2004-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை. சுற்று மலைகளில் ஜமா ஜமாக்கள், அதாவது அனுமதி இல்லாமல் பழைய குடைவுகளுக்குள் இறங்கித் தங்கம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முயன்று பார்க்கிறவர் என்பது அந்த ஜூலுச் சொல்லின் பொருள். பாட்டர்சன் செய்ததும் அதைத்தான், அவருக்குக் கிடைத்த உரிமைச் சீட்டு இவர்களுக்கு இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேல் ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிற இடுகாட்டுக்குக் கட்டாயம் ஏறிப் பாருங்கள். மற்றவர்களுக்கெல்லாம் கிழக்கு மேற்காகக் குழி. ஒரே ஒரு கல்லறை மட்டும் வடக்கு தெற்காகக் குறுக்கே கிடக்கும். திருடனின் கல்லறை என்று மட்டும் எழுதியிருக்கும், பேர் இல்லை. செத்த பிறகும் வரிசையில் சேர்க்கக் கூடாது என்று அப்படிப் புதைத்தார்களாம். கிராஸ்காப் பதினைந்து கிலோமீட்டர்தான். அங்கிருந்து காட்ஸ் விண்டோவும், ஆற்று நீர் பாறையில் உருளி உருளியாகக் குடைந்த போர்க்ஸ் லக் குழிகளும் ஒரே போக்கில் வரும்.

அன்று ராத்திரி மழை பெய்தது. தகரக் கூரையில் மழை என்றால் பேச்சுக் கேட்காது. முதலில் ஒவ்வொரு துளியாகத் தெரியும், அப்புறம் ஒரே இரைச்சல், நடுவில் காற்று திரும்பும்போது இரைச்சல் கூரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும். என் மகள் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து அறையில் ஆயா நன்றாகத் தூங்கினாராம். சாட்ஸ்வொர்த்துக் கூரையில் மழை வந்ததே தெரியாது என்பது அவருக்கு ஐம்பது சொச்சம் வருஷத்துக் குறை.

காலையில் நான் எழுந்து வந்தபோது ஆயா வராந்தாவில் இருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஜூலுவில் பேசிக்கொண்டிருந்தார். டர்பன் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் ஜூலு தன்னால் வந்துவிடும். அந்த அம்மாவின் தகப்பனார் சுரங்கம் மூடும்வரை அடியில் வேலை செய்தவராம். அவரும் இந்த வராந்தாவில் கால் வைத்ததில்லையாம். அப்புறம் இரண்டு பேரும் சிவப்பு பாலிஷ் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தரை மினுமினுக்க எவ்வளவு போட வேண்டும், துணியால் தேய்ப்பதா பிரஷ்ஷால் தேய்ப்பதா, மழை நாளில் போடலாமா கூடாதா என்று. ஆயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவர் கையிலிருந்த துணியை வாங்கி, தன் அம்மா தேய்க்கிற மாதிரி ஒரு வட்டம் தேய்த்துக் காட்டினார்.